அழகான நரம்பு

டேரில் வாந்தி எடுக்கத் தொடங்கிப் பதினான்கு மணி நேரம் ஆகியிருந்தது. உடம்பு வற்றிப்போய்க் கையில் ஒரு நரம்பும் தென்படவில்லை. நர்ஸ் டெகன் ஒருமுறை குத்தி ஏமாந்திருந்தாள். அடுத்ததும் தவறினால், ட்ரிப்ஸ் ஏற்றும் தேர்வில் அவள் தோல்வி.

வார்டுக்குப் புதிதாக வந்திருந்த நரம்பு காட்டும் விளக்கை அவன் முன்னங்கையில் அடித்தாள்.

"அடேங்கப்பா! இந்த முடிக்குள்ள இவ்வளவு நேரம் எங்க ஒளிஞ்சிருந்துச்சு? வளைஞ்சு வளைஞ்சு வந்து, இங்க ரெண்டா பிரியுது பாருங்க!"

டேரிலின் மனைவி நோலீனுக்கு முகமெல்லாம் வெட்கம். "அழகா இருக்கில்ல? யாருமே கவனிக்க மாட்டாங்க."

"நீ கொஞ்சம் சும்மா இரு, நோலீன்," என்று முனகினான் டேரில்.

"பிரியற இடத்துலயே போட்டுடறேன்," என்று ஊசியை எடுத்தாள் டெகன்.

டேரில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"நில்லு கண்ணு! இவ டாட்டூ போடக் கத்துக்கிட்ட புதுசுல என் கையிலதான் பழகினா. பப்புல கேக்கறவங்ககிட்ட எல்லாம் நரம்புன்னு சொல்லித்தான் பத்து வருஷமா சமாளிக்கிறேன். அது நம்ம ஆஸ்திரேலியாவோட மர்ரே ஆத்துப் படம். நீ குத்தப் போறது, டார்லிங் ஆறு வந்து கலக்கற இடம்!"