இழுபட்ட தலை

வயிற்றில் ஜில்லென்ற களிம்போடு ஸ்கேன் மேசையில் படுத்திருந்த நிலோஃபர் திரையைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டாள். குழந்தையின் தலை வெள்ளரிக்காய் போல நீண்டிருந்தது. டாக்டர் அமலோற்பவம் கருவியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் தலை திரையின் பக்கவாட்டிலேயே நீண்டது. எந்த எலும்பு இப்படித் திரைக்கு ஏற்றபடி நீளும்?

“டாக்டர், திரை புதுசா?”

“ஆமாம்மா, நேத்துதான் வந்துச்சு. இவ்ளோ அகலமா இருக்கேன்னு படம் தெரியுற விண்டோவ ஓரத்தப் பிடிச்சு இழுத்து விட்டேன். ஏன்?”

நிலோஃபருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டும் மென்பொருளை எழுதியவளே அவள்தான். விண்டோவின் அளவு மாறினால் புது அகலத்தையும் உயரத்தையும் படம் வரையும் பகுதிக்குச் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் விட்டிருந்தாள். அதுவும் பாவம், பழைய சதுரம்தான் என்று நம்பி வரைந்துகொண்டிருந்தது.

“என் தப்புதான் டாக்டர். பழையபடி சுருக்குங்க.”

டாக்டர் சுருக்கினார். தலை மெல்லத் திரண்டு உருண்டையானது.

“நல்லா பயமுறுத்துன போ!” என்று டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் அலுவலகத்தில் பிழையைத் திருத்தியதும், அதே படத்தைத் திறந்து விண்டோவை ஒரு விரல் அகலத்துக்கு நசுக்கினாள். தலை பட்டாணியாய்ச் சிறுத்தது; உருண்டை குலையவில்லை. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தாள். அப்போதும் குலையவில்லை. நம்பாமல் மறுபடி நசுக்கினாள். வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது.

“சரி சரி, இனிமே இழுக்கல” என்று மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.