தாவ மறுத்தவள்

“பயந்துட்டியாடி?” என்று ஒருநாள் மாமா அவளிடம் கேட்டார். குதிரை லாயத்தில் அவர்தான் பயிற்சியாளர்.

“பயம் இல்ல மாமா. குதிரையில தடை தாண்டுறது சலிச்சுப்போச்சு. இனிமே குதிரைய அழகா நடக்கவிடுற நடைப் போட்டிக்குப் போறேன்.”

“கோப்பை மேல கோப்பையா வாங்கினவ, இனி குதிரைக்கு நாட்டியம் சொல்லித் தரப்போறியா? சலங்கை வாங்கித் தரட்டுமா?”

லாயமே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று பெயர். அவள் தான் ஏறும் குதிரை கறுப்பனை மெல்ல நடக்கவும், வட்டமிடவும், பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கவும் பழக்கினாள். கடிவாளத்தில் அவள் விரல் அசைந்தால் போதும், அவன் புரிந்துகொள்வான்.

ஒரு நாள் காலை மாமா வந்து சேணத்தை அவிழ்க்கத் தொடங்கினார்.

“இனிமே முதலாளி பொண்ணு இவன் மேல ஏறுவா. தாவுற குதிரைய நீ நடக்கவிட்டே வீணாக்குற.”

“வேணாம் மாமா!”

“சாயங்காலமே உயரத் தடை வைக்கப்போறேன். நீ தள்ளு.”

அவள் கறுப்பனின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு விழுந்து செத்துடுவா மாமா. இவன் கண்ணு முன்னாடி கையை ஆட்டிப் பாருங்க.”

மாமா ஆட்டினார். இமை அசையவில்லை. மறுபக்கம் போய் ஆட்டினார். அந்த இமையும் அசையவில்லை.

“தெரிஞ்சா அடிமாட்டு விலைக்குத் தள்ளிடுவாங்க. நடக்குறதுக்குக் கண்ணு வேணாம் மாமா, நான் இருக்கேன். முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மாமா கறுப்பனின் கழுத்தைத் தடவியபடி நின்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் முதலாளியின் அறையை நோக்கி நடந்தார்.