அசையாத ஆவரேஜ்

“முதல்ல உன் மாமாவைத் தூக்கு,” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

“தூக்கிட்டேன்பா,” என்றாள் மகள் வசுமதி. தூக்கப்பட்ட மாமா பட்டாபிராமனோ, ‘உள்ளே எதையும் தின்னக் கூடாது’ என்ற போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

“ஏதாவது அசையறதா?”

“இல்லப்பா. ஒன்பதுலயே நிக்கறது.”

ஸ்ரீநிவாசராகவன் மைத்துனரை ஏற இறங்கப் பார்த்தார். ஆசாமி இவன் இல்லை என்றால் வேறு யார்?

மேற்குத் தாம்பரத்தில் வசுமதி பாடம் சொல்லித்தரும் கம்ப்யூட்டர் சென்டர் அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாணவர்கள் யாரும் இல்லை. செருப்பையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டு, சந்நிதிக்கு வந்தவர்கள் மாதிரி குடும்பமே அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் கூடியிருந்தது.

விஷயம் இதுதான். இன்னும் இரண்டு மாதத்தில் ஸ்ரீநிவாசராகவனுக்கு ரிடையர்மெண்ட். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மனை பார்த்து வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணி இளநீ கணக்கா கீது சார் என்று புரோக்கர் சிட்டிபாபு சொன்ன அன்றே, மனசுக்குள் இரண்டு தென்னையும் ஒரு முருங்கையும் நட்டு, நடுவில் ஈஸிசேரையும் போட்டுவிட்டார். மனைவி நாகலக்ஷ்மிக்கோ சேலையூரில் வரப்போகும் ஃப்ளாட்தான் வேண்டும். காய்கறிக்கடை, பஸ், டாக்டர் எல்லாம் கூப்பிடுகிற தூரம். சிட்டிபாபுவுக்குத் திங்கள் காலை பதில் சொல்லியாக வேண்டும்.

முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஆபீஸில் தபால் பிரிவைக் கட்டி மேய்த்தவர் அவர். எதையும் முறையாகச் செய்யாவிட்டால் சாப்பாடு இறங்காது. அதனால் வீட்டுக்குள்ளேயே ஒரு சர்க்குலர் எழுதி ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கினார். ஃப்ளாட்டுக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஆளுக்கொரு மார்க், ரகசியமாக. வசுமதி அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். ஆவரேஜ் ஐந்துக்கு மேல் வந்தால் ஃப்ளாட், கீழே போனால் மனை. கம்ப்யூட்டருக்கு யாரிடமும் பயம் கிடையாது என்பது சர்க்குலரின் கடைசி வரி.

தன் சீட்டில் அவர் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பூஜ்யம் போட்டார். நாகலக்ஷ்மி, எனக்கென்ன தெரியும், ஏதோ போடறேன் என்று முனகிக்கொண்டே ஒற்றை இலக்கமாக எழுதினாள். யாராவது தலைகீழாகப் பிடித்துப் படித்துவிடப் போகிறார்களே என்று அதன் அடியில் ஒரு கோடும் இழுத்தாள்.

ஆவரேஜ் ஒன்பது என்று வந்தது. யாரோ ஒருவர் அதைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள். ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. ஒவ்வொருவர் மார்க்காக எடுத்துவிட்டு ஆவரேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. யாரை எடுத்தால் அதிகம் இறங்குகிறதோ, அவர்தான் ஆசாமி.

“முகுந்தனைத் தூக்கு.”

மகன் முகுந்தன் காட்டாங்குளத்தூரில் படிக்கிறான். மனை பக்கம் குடிபோனால் காலேஜ் கிட்டத்தில் என்று அப்பாவுக்குத் தலையாட்டியிருந்தவன். அவனைத் தூக்கினார்கள். ஒன்பது. வசுமதி தன்னையே தூக்கிக்கொண்டாள். ஒன்பது.

கடைசியில் அவர் தன்னையே தூக்கச் சொன்னார். பூஜ்யம் போனால் ஆவரேஜ் எகிறித்தானே ஆகவேண்டும்?

“ஒன்பதுதான்பா,” என்றாள் வசுமதி, கீபோர்டைப் பார்த்துக்கொண்டே.

ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரை எடுத்தாலும் அசையவில்லை என்றால் இது ஒரு ஆள் செய்த வேலை இல்லை, குடும்பமே ஒரே மனசாக இருக்கிறது என்று அர்த்தம், அதற்குக் குறுக்கே தான் நிற்கப் போவதில்லை என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். முருங்கை போயிற்று. தென்னை இரண்டும் போயின. ஈஸிசேரை மட்டும் ஃப்ளாட் பால்கனிக்கு மாற்றிக்கொண்டார்.

எல்லாம் உங்க இஷ்டம்தான் என்று சொல்லிவிட்டு நாகலக்ஷ்மி செருப்பு மாட்ட வெளியே போனாள்.

பட்டாபிராமன் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டார். “அத்திம்பேர், எல்லாரையும் தூக்கினேள். அக்காவை விட்டுட்டேளே.”

“அவளுக்கு என்னடா தெரியும், பாவம். சரி, முறைன்னா முறை. அம்மாவையும் தூக்கிடும்மா.”

வசுமதி ஒரு தரம் வாசலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு விசையை அழுத்தினாள்.

ஒன்பது மறைந்தது. அந்த இடத்தில் என்னவோ மூன்று இங்கிலீஷ் எழுத்துகள் வந்து நின்றன.

“என்னம்மா, மெஷின் கெட்டுப்போச்சா?”

“இல்லப்பா. ஆவரேஜ் எடுக்க மார்க்கே இல்லைன்னு சொல்றது.”

“மார்க் இல்லையா? பாக்கி நாங்க நாலு பேர் இருக்கோமே?”

வசுமதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நம்ம வீட்டு முடிவாச்சேன்னு, அம்மா மார்க்குக்கு மட்டும்தான்பா ஆவரேஜ் போட்டேன்.”