செபதேயு என்ன சொன்னார்?

இயேசு அழைத்ததும் மகன்கள் இருவரும் தகப்பன் செபதேயுவைப் படகிலேயே விட்டுப் போனார்கள். அவர் என்ன சொன்னார் என்பதைச் சுவிசேஷம் எழுதவில்லை. மீனவர் வழக்கங்களைக் கொண்டு அதை ஊகிப்பதே விமலின் சமூகவியல் ஆய்வு. பழவேற்காட்டு ஏரிக்கரையில், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த வரதனிடம் செல்போனை நீட்டினான்.

"இந்த ஊர்ல பையன் அப்படிப் போயிட்டா?"

"ஏரியில வலை போட அவனுக்குன்னு இருக்கிற முறையை ஊரு எடுத்துக்கும்."

"தகப்பன் இன்னா சொல்வாரு?"

"போய்த் தொலைடான்னு கத்துவான்."

"அவ்ளோதானா?"

"பின்னே, ஒப்பாரியா வெப்பான்? ஊர்க்கூட்டத்துல, 'பையன் வந்துடுவான்'னு பொய் சொல்லி, அவன் முறையைக் காப்பாத்தி வெப்பான்."

விமல் பதிவை நிறுத்தினான். "எப்பலேர்ந்து, நைனா?"

"நீ என் படகைவுட்டு எறங்குன நாள்லேர்ந்துடா."