ததேயு பெயருள்ள பக்கம்

ஒரு பெரிய கணினிக்குள்ளே, கன்டெய்னர் என்கிற சின்ன அறையில், ஒரு குட்டி வெப் சர்வர் குடியிருந்தது. அதற்குத் தெரிந்தது ஒரே வேலைதான். தன்னிடம் வைத்த பக்கத்தை, கேட்டவர்களுக்கு அப்படியே எடுத்துக் கொடுக்கும். ஓர் எழுத்தைக்கூடச் சேர்க்கவோ அழிக்கவோ அதற்கு வராது.

புயலுக்குப் பிறகு மீனவர் சங்கம் அதனிடம் ஒரு பட்டியலை வைத்தது. கடலில் தேடப்படுகிறவர்கள், பதினோரு பேர். முதல் வாரம் கூட்டம் தாங்கவில்லை. அப்புறம் சகாயமேரியின் கண்ணாடி விரிசல் விட்ட போன் மட்டும் தினமும் வந்தது.

“அண்ணே, புதுசா ஏதாச்சும் உண்டா? சகாயமேரி அவ வீட்டுக்காரர் ததேயுவப் பத்திக் கேக்கா” என்று போன் கேட்கும்.

“அதே பட்டியல்தாம்மா” என்று சொல்லிச் சர்வர் அதை எடுத்துக் கொடுக்கும். அப்படிச் சொல்ல முடிவதில் அதற்கும் ஒரு நிம்மதி.

நாற்பதாம் நாள் சங்கத்திலிருந்து புதுப் பக்கம் வந்தது. பெயர்கள் மாறவில்லை. மேலே ‘தேடப்படுகிறவர்கள்’ என்று இருந்த இடத்தில் ‘இறந்தவர்கள்’ என்று இருந்தது.

“பழையதையே இன்னும் ஒரு நாள் கொடுக்கட்டுமா?” என்று சர்வர் கன்டெய்னரிடம் கெஞ்சியது.

“பழையது ஏது? அத அழிச்சிட்டுத்தானே இத வச்சாங்க.”

காலையில் போன் வந்து வழக்கம்போலக் கேட்டது. சர்வர் புதுப் பக்கத்தை நீட்டியது.

“இது தப்பா இருக்கும். இன்னொரு தடவ பாருங்கண்ணே.”

சர்வர் இன்னொரு தடவை எடுத்துக் கொடுத்தது. பொழுது சாயும்வரை போன் கேட்டுக்கொண்டே இருந்தது. சர்வரும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தது.