முதுகுக்கு ஹெல்மெட் இல்லை

துளசிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போனில் தாப்பா ஊர் டுரியான் தோட்டத்து சிசிடிவி வீடியோ. ஹெல்மெட் மாட்டிய திருடன் ஒருவன் பழம் பொறுக்கக் குனிகிறான். மரத்திலிருந்து முள்ளுத்தோல் டுரியான் பழம் ஒன்று அவன் முதுகிலேயே விழுகிறது.

"தலைக்கு ஹெல்மெட் போட்டவன் முதுகுக்கு என்னா போடுவான்?" என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டாள்.

உடனே தம்பி கோகிலன் குரல் பதிவு அனுப்பினான். "செம அடிலா! தோட்டத்து மொதலாளி தவுக்கே போலீசுக்குப் போய்ட்டாராம் அக்கா. எல்லாருக்கும் அனுப்பு. ஆளு மாட்டட்டும்!"

இருபது பேருக்கு அனுப்பினாள்.

"துளசி, பாத்ரூம்ல வழுக்கிட்டேன். கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடு" என்று அறையிலிருந்து முனகினான் கணவன் தனேஸ்வரன்.

சிரித்துக்கொண்டே போய்ச் சட்டையைத் தூக்கினாள். முதுகு முழுக்க முள் குத்திய ஓட்டைகள்.

துளசி அவசரமாகக் குழுவைத் திறந்து எழுதினாள்:

"அடுத்தவங்க வலியப் பாத்துச் சிரிக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா?"