சில்லு சாகும் டேக்

கார்ட்டூன் கீரிக்குட்டி சில்லுவுக்குப் பதினோரு வருடங்களாகக் குரல் கொடுப்பவள் எஸ்தர். சில்லு அடி வாங்கும்போது அலறல் நிஜமாக வர வேண்டும் என்று மைக்கின் முன்னால் தன் தொடையில் தானே குத்திக்கொள்வாள். கடைசி அத்தியாயத்தில் வேட்டைக்காரன் சில்லுவை அடித்தே கொல்கிறான். இந்த டேக் ஓகே ஆகிவிட்டால் சில்லுவின் குரலுக்கு இனி வேலையில்லை. அவள் கை எழவில்லை.

"நீங்க குத்துங்கண்ணே," என்றாள், வேட்டைக்காரனுக்குப் பேசும் தேவராஜிடம்.

அவர் அவள் முதுகில் மெதுவாகக் குத்தினார்.

"என்னண்ணே, கொசு அடிக்கிறீங்களா?"

அடுத்த முறை ஓங்கிக் குத்தினார். பல் உதட்டில் இறங்கி மைக்கில் ரத்தம் தெறித்தது. சில்லு அலறிய சத்தம் தேவராஜின் எலும்புக்குள் ஏறியது. திரையில் சில்லு தம்பிகளைப் பார்த்துச் சிரித்தது. "வலிக்கலடா, நீங்க ஓடுங்க," என்று கண்ணை மூடியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் மூக்கை உறிஞ்சினார். "ஓகேம்மா. முடிஞ்சுது."

தேவராஜ் கைக்குட்டையை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"எனக்குத் திருப்தியில்ல சார். இன்னொரு டேக் போகலாம்."

"ஏம்மா, இதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் தேவராஜுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அடிங்கண்ணே," என்றது சில்லு.